டைனோசர் வீட்டில் காணாமல் போன செயின்

மாலை நாலரை. நகைப்பெட்டியைத் திறந்த பிரபா அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே சிவப்பு வெல்வெட்டு இருந்தது. செயின் இல்லை.

"ஏனுங்க! இங்க வாங்க! தம்பி கொண்டாந்த செயினைக் காணமுங்க!"

மோகனூர் சாலையோரத்தில் இருந்த அந்தக் கோழிப்பண்ணைக்காரர் வீடு அன்றைக்குக் காடாக மாறியிருந்தது. வாசலில் தெர்மாகோல் எரிமலை, கூடத்தில் காகிதக் கொடிகள், படிக்கட்டு முழுக்க மூணு விரல் காலடித் தடங்கள். பிரபாவின் மகன் கவினுக்கு ஆறு வயது நிறைகிறது. டைனோசர் விழாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். கண்டு அசரட்டும் என்று அவனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் எல்லாம் நடந்தது.

அத்தனையும் தனப்பிரியாவின் கைவேலை. பரமத்தி வேலூர்க்காரி. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் பிறந்தநாளை விதவிதமாக ஜோடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. இவ்வளவு பெரிய வீடு கிடைத்தது இதுதான் முதல் தடவை. இங்கே நல்ல பேர் எடுத்தால் நாமக்கல் முழுக்கக் கூப்பிடுவார்கள். கெட்ட பேர் எடுத்தால் ஒரு வாசற்படியும் மிதிக்க முடியாது.

கெட்ட பேர்தான் முதலில் வந்தது.

"காலையில இருந்து அந்த ரூமுக்குள்ளயே குடியிருந்தது யாரு? இந்த அம்மணிதானே! வெளியாளை உள்ள உட்டா இப்புடித்தான்!"

சொன்னது வசந்தாமணி, பிரபாவின் வீட்டுக்காரர் மணியனின் அக்கா. பண்ணையில் முட்டைக் கொட்டகை முழுக்க அவள் அதிகாரம். அவள் குரல் எழுந்தால் வேலையாட்கள் மூச்சு விடமாட்டார்கள். தனப்பிரியாவின் பையைத் தூக்கிக்கொண்டு போய், சீரியல் லைட் கட்ட வந்த ஆட்கள் பார்க்கப் பார்க்க வாசலில் கவிழ்த்தாள். கத்தரிக்கோல், பசை, பலூன் பாக்கெட்டுகள், இன்னும் திறக்காத சோற்று டப்பா. செயின் மட்டும் இல்லை.

தனப்பிரியாவுக்கு உடம்பே கூசிப்போனது. வந்த அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"போலீசுக்குச் சொல்லிரலாமா?" என்றார் ஏணியிலிருந்து இறங்கிவந்த மணியன்.

"தாராளமா சொல்லுங்கண்ணா. அதுக்கு முன்னால ரெண்டு வார்த்தை கேட்டுக்கறேனுங்க" என்றாள் தனப்பிரியா. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று அவளுக்கே புரியவில்லை. "பெட்டியை வெச்சது யாருங்க?"

"நான்தான்," என்றான் பிரபாவின் தம்பி பூபதி. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவன். "மூணு மணிக்கு அக்கா கண்ணு முன்னால பீரோ மேல வெச்சேன். சனமெல்லாம் வந்தப்புறம் தாய்மாமன் முறைக்குப் போடலாமுன்னு."

"அப்புறம் யாராச்சும் வெளிய போனாங்களா?"

"வாசக் கேட்டு பூட்டியே கெடக்குது."

"ஊட்டுக்குள்ள இருந்தது?"

"நான், அக்கா, வசந்தாமணி அக்கா. மச்சான் மத்தியானத்துல இருந்து ஏணி மேல."

"நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல," என்றாள் வசந்தாமணி.

யாரும் வெளியே போகவில்லை, செயினும் இல்லை. தனப்பிரியாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பீரோ இருந்த அறைக்குள் போய் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசை மேல் அவளுடைய டைனோசர் முட்டைகள் இருந்தன. இதே பண்ணை முட்டைகள்தான். அகலமான பக்கத்தில் ஓட்டை போட்டு, காலி செய்து, கழுவிக் காயவைத்து, உள்ளே மிட்டாய் போட்டு, காகிதம் ஒட்டிப் பச்சை வண்ணம் பூசியிருந்தாள். ஒட்டு தெரியக் கூடாதென்று எல்லாவற்றையும் கூர்முனை மேலே வரும்படி அட்டைத் தட்டில் நிறுத்தியிருந்தாள்.

மூலையில் ஒன்று மட்டும் மாறி நின்றது. கூர்முனை கீழே, அகலம் மேலே.

நானா வைத்தேன்? கைமறதியா? அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூணு மணிக்குப் பெட்டி வந்தபின் வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிய போட்டோவைத் திறந்தாள். அதை அனுப்பிவிட்டுத்தான் வாசல் எரிமலையை முடிக்கப் போயிருந்தாள். அதில் எல்லாமே கூர்முனை மேலே. பிறகு எவரோ ஒரே ஒரு முட்டையை எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் ஏன் தலைகீழாக வைக்க வேண்டும்? அந்த முட்டையைக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, இருந்தபடியே வைத்தாள்.

சமையலறையிலிருந்து ஒரு காலி அட்டைத் தட்டும் மூன்று முட்டைகளும் எடுத்துவந்து எல்லோரையும் அழைத்தாள்.

"ஆளுக்கொரு முட்டையை இதுல வையுங்க."

பூபதி ஒன்றை எடுத்துப் படுக்கப் போட்டான். வங்கியில் வேலை பார்க்கும் பிரபா, ஆட்டம் காணாமல் பார்த்துப் பார்த்து, கூர்முனை மேலே இருக்கும்படி நிறுத்தினாள்.

"இதென்ன கூத்து! செயினைத் தேடச் சொன்னா முட்டை வெளையாட்டு வெளையாடறா!" தனப்பிரியாவை முறைத்தபடியே வசந்தாமணி தன் முட்டையை வைத்தாள். தட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூர்முனை கீழே போய் அழகாக உட்கார்ந்தது.

"ஏனுங்கக்கா, அப்புடி வெச்சீங்க?"

"வேற எப்புடி வெப்பாங்களாமா? காத்து நிக்கற பக்கம் மேல இருந்தாத்தான் முட்டை கெடாது. எத்தனை வருசமா அடுக்கறேன், எனக்கே சொல்லித் தர்றயா அம்…"

அவள் கண் மேசைப் பக்கம் போனது. பச்சைக் கூட்டத்தில் மாறி நின்ற அந்த ஒன்றின்மேல் போய் நின்றது.

"இந்த ஊட்டுல பாக்காமயே அப்புடி வெக்கற கை ரெண்டு பேருக்குத்தானுங்க இருக்கும்," என்றாள் தனப்பிரியா. "ஒண்ணு மணியன் அண்ணா. அவரு ஏணி மேல இருந்ததை எல்லாருமே பாத்தாங்க. இன்னொண்ணு நீங்க. மறைச்சீங்க சரி, உங்க கை பழகுனபடி வெச்சிருச்சுங்க."

காகிதத்தைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்த அந்தப் பச்சை முட்டையை எடுத்து உடைத்தாள். இரண்டு மிட்டாய்களோடு செயின் மேசையில் விழுந்தது.

"அக்கா!" என்றார் மணியன்.

வசந்தாமணி கட்டிலில் உட்கார்ந்தாள். "எனக்கெதுக்கு உங்க பவுனு? என்ற புள்ள தமிழினிக்கு இந்தப் பூபதியை மாப்ள கேட்டு நடையா நடந்தேன். சனம் கூடுன எடத்துல 'வேண்டாங்க'ன்னு எந்திரிச்சுப் போனானே! அதே சனத்து முன்னால வெறும் பெட்டியைத் தொறந்துட்டு முழிக்கட்டுமுன்னுதான் பண்ணுனேன். விருந்து முடிஞ்சதும் நானே எடுத்துக் குடுத்திருப்பேன். பிரபா முன்னக்கூட்டியே தொறப்பாள்னு எனக்கென்ன தெரியும்?"

"சரிங்க. பழியை என்மேல எதுக்குங்க போட்டீங்க?"

வெளியே முதல் விருந்தாளியின் கார் ஹாரன் அடித்தது.

"உட்றலாஞ் சாமி," மணியன் கெஞ்சினார். "சனம் வர்ற நேரம். உள்ளுக்குள்ளயே முடிச்சுக்கலாம்."

"இல்லீங்கண்ணா. என்ற பையை வாசல்ல வெச்சுத்தான் கவுத்தாங்க. வாசல்லயே சொல்லிரட்டும். நாளைக்கு நான் நாலு ஊட்டுக்குப் போகணுமுங்க."

பிரபா அறைக் கதவைத் திறந்து பிடித்தாள். வசந்தாமணி எழுந்து வெளியே போனாள். லைட் கட்டும் ஆட்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் எரிமலை ஓரத்தில் குனிந்து பலூன் பாக்கெட், பசை, சோற்று டப்பா என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"இந்தப் புள்ள எடுக்கல. நாந்தான் எடுத்தேன்," என்றாள், காரிலிருந்து இறங்கியவர்களுக்கும் கேட்கும்படி.

தனப்பிரியா பையை வாங்கிக்கொண்டாள். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.