பசித்த கரி

வெள்ளக்கல்மேட்டில் அன்று காலை கரிக்குப் பசி எடுத்திருந்தது.

மூன்று வருடமாக மண்ணிலிருந்த நஞ்சையெல்லாம் அது தின்று தீர்த்த ஊர். கடலைத் தோலையும் தேங்காய்ச் சிரட்டையையும் காற்றுப் புகாமல் சுட்டுச் செய்த கரி. ஒவ்வொரு துணுக்கிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பொந்துகள். சாதாரணக் கரி என்றால் நஞ்சு தன்னிடம் வந்து சேரும்வரை மண்ணில் சும்மா கிடக்கும். இது நாடுகரி. தோல் பதனிடும் ஆலைகள் கக்கும் குரோமிய நஞ்சு எங்கே அதிகமோ அங்கே தானாகவே ஊர்ந்து போகும், வெல்லத்தைத் தேடும் எறும்பு மாதிரி. பிடித்ததும் செம்பு நிறமாகும், பிடித்ததை விடாது. பிறகு ‘அள்ளி’ என்ற எந்திரம் வந்து உறிஞ்சிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே பழைய கல்குவாரிக் கிடங்கில் கொட்டிவிடும்.

தோல் ஆலைக் கழிவு பாய்ந்து உப்புப் பூத்துக் கிடந்த வயலில் இப்போது நாற்று நின்றது. கிணற்று நீரில் மஞ்சள் இல்லை. எல்லாம் அஞ்சுகத்தின் புண்ணியம். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்காவிட்டால் அவளே சொல்வாள்.

அவள் புருஷன் கேணிமுத்து ஆலைத் தொட்டியில் இறங்கித் தோல் மிதித்தவன், தோலெல்லாம் புண்ணாகிச் செத்தான். அன்றிலிருந்து ஆலை முதலாளி கனகசபையை அவள் விடவில்லை. கரித் திட்டம் வந்தபோது கட்டடங்களுக்கும் தனியார் சொத்துக்கும் விலக்கு தரலாம் என்றது அரசு. ஊர்க்கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள்.

“வெலக்காவது வெங்காயமாவது! கரி எதைப் புடிச்சாலும் அது ஊரை வுட்டுப் போவணும். எதுவா இருந்தாலும், எவனா இருந்தாலும்!”

ஊரே எழுந்து நின்று கை தட்டியது. அதுவே விதியாயிற்று.

விதி நன்றாகத்தான் வேலை செய்தது. கரி கனகசபையின் ஆலைச் சுவரைப் பிடித்தது, இடித்து அள்ளினார்கள். பங்களாத் தோட்டத்தில் அவர் புதைத்து வைத்திருந்த பீப்பாய்களைப் பிடித்தது, தோட்டமே போயிற்று. அஞ்சுகத்துக்கு மனசு ஆறவில்லை. ஆள் குத்துக்கல்லாட்டம் ஊரிலேயே இருக்கிறாரே!

இன்று கடைசிச் சோதனை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே உழுத வயலில் புதுக் கரியைத் தூவியிருந்தார்கள். வழக்கம்போல எல்லோர் காலிலும் ரப்பர் பூட்ஸ். கரி போட்ட இடத்தில் வெறுங்கால் படக்கூடாது என்பது முதல் நாளிலிருந்தே கட்டளை.

“கரி அசையவே இல்லை. மண்ணு சுத்தம், தண்ணி சுத்தம்” என்று அறிவித்தாள் கரி அதிகாரி பர்வீன். சிலர் விசிலடித்தார்கள்.

“இருங்க மேடம்!” என்றாள் அஞ்சுகம். “ஊருன்னா மண்ணு மட்டுமா? அந்தப் பெரிய மனுஷனை பூட்ஸைக் கழட்டிட்டு எறங்கச் சொல்லுங்க. ஊரையே நாறடிச்ச ஒடம்புல எத்தினி வெஷம் கீதுன்னு பாத்துடலாம்.”

பர்வீன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். “வேணாம் அஞ்சுகம். மண்ணுல ஒண்ணும் கெடைக்காம கரி பசியில இருக்கு. சொன்னாக் கேளுங்க.”

“வெலக்கு உண்டா இல்லையா விதியில?”

“இல்ல.”

“அப்புறம் இன்னா?”

கனகசபை முன்னால் வந்தார். பூட்ஸைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். வரப்பேறிக் காலை உதறினார். ஒட்டிய கரி அத்தனையும் கறுப்பாகவே உதிர்ந்தது. பாதம் பச்சைக் குழந்தையின் பாதம்போலச் சுத்தமாக இருந்தது.

“எங்க வீட்ல எப்பவும் வெளியூர் கேன் தண்ணிதாம்மா. அரிசி, காய்கறிகூட வெளியூர்தான். இந்த ஊர்த் தண்ணியில நான் வாய்கூடக் கொப்பளிச்சதில்ல.” வெட்கமே இல்லாமல் சொன்னார், பாவி.

“தில்லுமுல்லு! கரி செத்துப்போச்சு, எதையும் புடிக்காது!” என்று அலறிய அஞ்சுகம், அதை நிரூபிக்கப் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வயலில் குதித்தாள்.

நாலு மூலையிலிருந்தும் கரி புறப்பட்டது. பாதம் செம்பானது, கணுக்கால் செம்பானது. உதறினாள், தேய்த்தாள். ஒரு துணுக்கும் உதிரவில்லை.

“அம்மா!” என்று அவள் மகள் மின்னொளி ஓடி வந்தாள். ஒன்பது வயது. உழுத மண்ணில் அழுந்திய பூட்ஸ் இரண்டும் பின்னால் நின்றுவிட்டன.

“புள்ளையப் புடிங்க!” என்று பர்வீன் கத்தினாள். யாரும் பிடிக்கவில்லை.

அஞ்சுகத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த கரி நின்றது. திரும்பியது. தாயை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் போயிற்று. அஞ்சுகம் வெளியூரில் பிறந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மின்னொளியோ வயிற்றிலிருந்தே இந்தக் கிணற்று நீரைக் குடித்தவள். எங்கே அதிகம் என்று கரிக்குத் தெரியும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று அது ஏறியது. அஞ்சுகம் இரண்டு கையாலும் வழித்து வழித்துப் பார்த்தாள். அவள் கையும் செம்பாயிற்று.

ஊர் ஓரடி பின்வாங்கியது. எல்லோரும் பூட்ஸை இறுக்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு வள்ளியம்மை மட்டும் முணுமுணுத்தாள்: “வெலக்கே கூடாதுன்னு நீதானேடி சொன்னே.”

“கை தட்டினது நீங்கல்லாம்தானே?” என்றார் கனகசபை. “ஒவ்வொருத்தரா எறங்குங்க. அதிகாரியம்மா, விதிப்படி செய்ங்க.”

பர்வீன் தலைநகருக்குப் பேசிக் கெஞ்சிப் பார்த்தாள். விலக்கு இல்லை என்ற பதிலே வந்தது. ஒவ்வொருவராக வயலில் இறங்கி, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செம்பு நிறமாக வண்டியேறியது. கிடங்குக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருக்கிறார்களாம், அங்கேதான் இனி எல்லோரும்.

அஞ்சுகமும் மின்னொளியும் ஏறிய கடைசி வண்டி கிணற்றடியில் கொஞ்சம் நின்றது. அங்கே கனகசபை தானே இறைத்து, முதல் தடவையாக ஒரு சொம்பு நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“அடேங்கப்பா, என்னமா இனிக்குது!” என்றார்.

“அம்மா, தாகமா கீது. இப்ப இதக் குடிக்கலாம்ல?”

“குடிக்கலாம்டி கண்ணு. இப்ப நல்ல தண்ணி. இதுக்குத்தானே அம்மா இத்தினி நாளு...” அஞ்சுகம் அழுதாள்.

மின்னொளி இறங்கி ஓடிப்போய் வாளிக் கயிற்றுக்குக் கை நீட்டினாள். கனகசபை கயிற்றைச் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டார்.

“தொடாத பாப்பா,” என்றார். “தண்ணி கெட்டுடும்.”