ஆலயச் சேதம்

புருஷனை ஐஸ்பெட்டியில் கிடத்திவிட்டு எந்தப் பெண்ணாவது மிதிக்க வருவாளா? எப்சிபா வந்தாள். வராமல் என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை மிதிக்காதவளுக்குச் சபையில் பேச வாய் கிடையாது. அவளுக்கோ இன்றைக்குப் பேச வேண்டியிருந்தது.

கோயிலிலிருந்து பெஞ்சுகளை அப்புறப்படுத்தி வெகுகாலமாகிறது. இப்போது வரிசை வரிசையாக, சைக்கிள்போல் மிதிக்கிற மிதியிருக்கைகள்தான். சபையார் பாடிக்கொண்டே மிதிக்க, பீடத்து விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். எப்சிபா ஏறி உட்கார்ந்ததும் அவள் மணிக்கட்டுத் தோலுக்கடியில், உடம்பைக் கணக்கெடுக்கும் மெய்மணி பச்சையாக ஒளிர்ந்தது. வழக்கம்போல் காதுக்குள் சொன்னது: "ஸ்தோத்திரம். உங்கள் ஆலயம் நல்ல நிலையில் இருக்கிறது."

பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தது. அவள் புருஷன் ஞானதிரவியம் அதில் உட்கார்ந்து மிதிப்பதுபோல் பாவனை செய்வார். பாட்டுக்கு மட்டும் உயிரை விடுவார்.

அரசாங்கம் ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடி, அவரவர் உடம்பை அவரவர் மதம் பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவியபோது வந்த ஏற்பாடு இது. முதலில் நல்லதாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கம்பங்கூழும் நடையுமாக ஊரே இளைத்தது. மாரடைப்பு குறைந்தது. அப்புறம்தான் சட்டம் வந்தது. உடம்பு ஆண்டவர் குடியிருக்கும் ஆலயமாம். அதைத் தன் கையாலேயே இடித்துக்கொண்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லையாம். ஆலயச் சேதம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அப்படிச் செத்தவர்களை வேலிக்கு அந்தப் பக்கம், உடைமரங்களுக்கு நடுவே, பாட்டில்லாமல் ஜெபமில்லாமல் புதைப்பார்கள்.

ஞானதிரவியத்துக்குச் சர்க்கரை வியாதி. நேற்று அவர் செத்ததும் அவருடைய மெய்மணியைப் படித்தார்கள். உள்ளே போனது சீனி, தேங்காய்ப்பால், முந்திரி. மஸ்கோத் அல்வா என்று எந்த மடையனுக்கும் தெரியும். எவனோ திருட்டுத்தனமாகக் கிண்டி விற்கிறான். அதை அவர் ஆர்மோனியப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துத் தின்றது எப்சிபாவுக்கும் தெரியும். பார்த்தும் பார்க்காதவள்போல் அடுப்படிக்குத் திரும்பியிருக்கிறாள். தின்று முடித்ததும் அந்த முகத்தில் வருகிற களை இருக்கிறதே! பாவி மனுசன், சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பார்.

அவரை வேலிக்கு வெளியே போட்டால் எமீமா என்ன ஆவாள்? காய்ச்சலில் போன ஒரே மகள். தோட்டத்தில் அவள் கல்லறைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு இடம் விட்டுவைத்திருக்கிறது. இருட்டென்றால் நடுங்குகிற பிள்ளை. அப்பா பாடினால்தான் தூங்கும். அவர் இன்னமும் வாராவாரம் அங்கே உட்கார்ந்து பாடிவிட்டுத்தான் வருவார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் இறங்கினார்கள். எப்சிபா மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தாள். போதகர் ரூபன் ஐயாவும் கமிட்டிக்காரர் ஒருவரும் அவளிடம் வந்தார்கள்.

"இறங்குங்கம்மா. உக்காந்து பேசுவோம்" என்றார் போதகர்.

"இருக்கட்டும் ஐயா. அவிய பங்கையும் சேத்து மிதிக்கேன்."

"அண்ணாச்சி மணியப் பாத்தியள்லா? தானா ஆசைப்பட்டுத் தின்னுருக்காவ. நான் என்னம்மா செய்ய முடியும்?"

"உள்ள என்ன போச்சுன்னுதான ஐயா மணி சொல்லும்? யாரு கை ஊட்டுச்சுன்னு சொல்லுமா?"

போதகர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாந்தான் குடுத்தேன். கம்பங்களிக்குள்ள பிசைஞ்சு குடுத்தேன். அவியளுக்குக் கண்ணும் மங்கிப்போச்சு, நாக்கும் மந்தமாயிட்டு. களிதான் ருசியா இருக்குன்னு நெனச்சுத் தின்னாவ."

"எதுக்கும்மா அப்படிச் செஞ்சிய?"

"இனிப்புக்கு ஏங்கி ஏங்கி மூஞ்சி வாடிக் கெடந்தாவ. எனக்குப் பாக்கச் சகிக்கல."

"வேதத்து மேல கைய வச்சுச் சொல்லச் சொல்லுங்க ஐயா" என்றார் கமிட்டிக்காரர்.

வேதாகமத்தை மிதியிருக்கைக்கே கொண்டுவந்து நீட்டினார்கள். பொய் சொன்னால் நெஞ்சு படபடக்கும். படபடத்தால் மணி சிவக்கும். ஆனால் மிதிக்கிறவளுக்கு நெஞ்சு எப்படியும் படபடக்கத்தான் செய்யும். அதை மிதிக்கிற உழைப்பென்றே மணி எடுத்துக்கொள்ளும்; பொய் எது, மிதி எது என்று அதற்குத் தெரியாது. எப்சிபா இன்னும் வேகமாக மிதித்தாள். அவள் இதுவரை ஆண்டவர் பேரைச் சொல்லி ஒரு பொய் சொன்னவளில்லை. கர்த்தாவே, என்னை மன்னிக்காட்டாலும் போகுது, பிள்ளைகிட்ட ஒரு ஆளு வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாந்தான் குடுத்தேன்."

மணி பச்சையாகவே இருந்தது. போதகர் அவள் கால்களைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை.

"அடுத்தவுக ஆலயத்த இடிச்ச கைக்கு என்னன்னு தெரியும்லாம்மா? சபையில கர்த்தரோட இராப்போஜனம் கிடையாது. தோட்டத்துல இடமும் கிடையாது."

"தெரியும் ஐயா."

மறுநாள் ஞானதிரவியத்தை மகளுக்கு வலப்பக்கம் வைத்தார்கள். பாட்டும் ஜெபமும் குறைவில்லாமல் நடந்தன. எப்சிபாவை உள்ளே விடவில்லை. உடைமரத்தடியில் நின்று, முள்வேலியைப் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே பாடினாள். இடப்பக்கத்து இடத்தைக் கமிட்டி வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவளுக்குக் கடைசி வரிசையில் ஒரு மிதியிருக்கை ஒதுக்கியிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தாள். மணி பச்சையாக ஒளிர்ந்தது.

"ஸ்தோத்திரம். உங்கள் ஆலயம் மிக நல்ல நிலையில் இருக்கிறது. இன்னும் முப்பது வருஷம் தாங்கும்."

எப்சிபா மிதிக்க ஆரம்பித்தாள். பீடத்து விளக்கு எரிந்தது.