சரிக்கு ஒரு தட்டு

காலையில் காப்பிக்கு முன்னால் பிலோமிக்கு ஒரு வேலை உண்டு. கணவர் ரொசாரியோவின் கழுத்தில் தொங்கும் பேச்சுத்துணைக்குப் பாடம் எடுக்க வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், நடுவில் கழற்றி வைத்த, தீப்பெட்டி அளவிலான அந்தக் கருவி.

"இப்ப அவிய சொன்னது 'காப்பி'," என்றாள் பிலோமி.

"காப்பி. சரியா?" என்று கேட்டது பேச்சுத்துணை.

ரொசாரியோ இடது கையால் மேசையை ஒருமுறை தட்டினார். சரிக்கு ஒரு தட்டு, தப்புக்கு இரண்டு. அடுத்த சொல்லுக்குப் போனார்கள்.

ரொசாரியோ தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவர். அவர் போடும் சத்தத்தில் கப்பல்காரர்களே வாயை மூடிக்கொள்வார்கள். மூன்று வருடங்களுக்கு முன் வந்த பக்கவாதம் வலது கையையும் நாக்கையும் கட்டிப்போட்டுவிட்டது. அவர் பேசுவது மற்றவர்களுக்கு வெறும் குழறல். பாடம் முடிந்த பிறகு பேச்சுத்துணை அந்தக் குழறலைத் தெளிவான தமிழில் திருப்பிச் சொல்லும். மத்தியானத்துக்குள் மனிதர் மீன்காரியிடம் பேரம் பேசி, பக்கத்து வீட்டுக்காரரிடம் வம்பிழுத்து, பழையபடி ஆகிவிடுவார். பொழுது சாயும்போது பேச்சுத்துணை கற்றதையெல்லாம் மறந்துவிடும். மறுநாள் திரும்பவும் காப்பியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அது கருவியின் கோளாறு அல்ல. உலகத்தில் எல்லாக் கருவிகளும் இப்போது அப்படித்தான். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர்களைக் குளிரவைப்பதற்கே ஆற்றுத் தண்ணீர் போதாமல் இருந்தது. பிறகு மீள்சில்லு வந்தது. போட்ட கணக்கை அது அந்தி நேரத்தில் வந்த வழியே திரும்பப் போட்டு, வாங்கிய மின்சாரத்தைக் கிட்டத்தட்ட முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடும். இதற்குச் சுருட்டல் என்று பெயர். பாய் விரித்தவன் பாயைச் சுருட்டி வைப்பதில்லையா, அதுபோல. சுருட்டியபின் உள்ளே ஒன்றும் மிஞ்சாது என்பதால் களவாணிக்கும் வேலை போயிற்று. முன்பு ஊரார் குரலைத் திருடி ஊரையே ஏமாற்றிய கூட்டமெல்லாம் பிழைப்பில்லாமல் போனது. சுருட்டலை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஏதாவது ஒன்றைச் சுருட்டாமல் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால்தான் சங்கடம். வைத்திருக்கும் நேரமெல்லாம் சில்லு சூடேறும். அதனால் வீட்டுக்கு இவ்வளவு என்று வருடத்துக்கு ஒரு சூட்டுப் பங்கு கொடுத்திருந்தார்கள். பிள்ளையின் முதல் நடை, பாட்டு, படம் என்று ஆளாளுக்கு அதைச் செலவழிப்பார்கள். பிலோமி வீட்டில் இந்த வருடம் ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. கொழுந்தன் பேத்தி ஞானஸ்நானத்தில் எடுத்த படங்களைக்கூட மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தியில் போகவிட்டாள். எல்லாம் மகள் டெல்பின் கல்யாணத்துக்காக.

அவர்கள் சொந்தத்துக்குள் ஒரு வழக்கம். கல்யாண விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து நாலு வார்த்தை பேசாமல் யாரும் இலையில் கைவைக்க மாட்டார்கள். விருந்தோ பொழுது சாய்ந்த பிறகு. ரொசாரியோ அந்த நாலு வார்த்தைக்காக மாதக்கணக்கில் தனக்குள் முனகிக்கொண்டிருந்தார். என்ன பேசப் போகிறார் என்று பிலோமி கேட்டால் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சிரிப்பார். அன்று ஒரு ராத்திரிக்கு அவருக்கு வாய் வேண்டும். வருடப் பங்கு முழுவதும் அதற்குத்தான்.

கல்யாணத்தன்று கோயிலுக்குக் கிளம்பும்போது டெல்பின் அப்பாவின் கழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"யம்மா, பேச்சுத்துணை எங்க?"

"கோட்டுக்குள்ள தனியாப் பை வச்சுத் தச்சிருக்கேன். போட்டோவுல கழுத்துல டப்பா தொங்குனா நல்லாவா இருக்கும்?"

"உள்ள கெடந்தா கேக்குமா?"

"நல்லாக் கேக்கும். நேத்தே போட்டுப் பாத்துட்டேன். நீ நேரா நில்லு, சேலை கசங்குது."

கோட்டில் ரொசாரியோ நிஜமாகவே பழைய ஆளாகத்தான் இருந்தார். பிலோமிக்குக் கண் நிறைந்துபோயிற்று.

மண்டபத்தில் விளக்கெல்லாம் போட்டு, இலை விரித்து, கறி பரிமாறி முடிந்தது. ரொசாரியோ இடது கையை மேசையில் ஊன்றி எழுந்தார். கூட்டம் அடங்கியது. அவர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசினார். பேச்சுத்துணை அதைத் திருப்பிச் சொல்லவில்லை. பிறகு கோட்டுக்குள்ளிருந்து பணிவான குரல் ஒன்று வந்தது.

"வெப்பம் மிகுந்ததால் பாதுகாப்புக்காக நினைவு சுருட்டப்பட்டது. உங்கள் பேச்சைக் கற்கத் தயார்."

என்ன நடந்தது என்று பிலோமிக்கு உடனே புரிந்தது. உடம்பில் அணியும் கருவி தோலைச் சுட்டுவிடக் கூடாது. சூடு மீறினால் பங்கு இருந்தாலும் தானே சுருட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. நேற்று அவள் போட்டுப் பார்த்தது பட்டப்பகலில். அந்தி தாண்டியபின் அது சூடேறும் என்பதும், கம்பளிக் கோட்டுக்குள் அந்தச் சூடு எங்கே போகும் என்பதும் அவள் புத்தியில் ஏறவே இல்லை. ஒரு வருடம் பொத்திப் பொத்திச் சேர்த்ததை ஒரு போட்டோவுக்காகப் பாழாக்கிவிட்டாள்.

ரொசாரியோவுக்கு முகம் சுண்டியது. மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். அவசரமாக எழுந்து, "பரவாயில்ல சம்மந்தி, உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா? உக்காருங்க, எல்லாரும் சாப்பிடுவோம்," என்றார். ரொசாரியோ மெல்ல நாற்காலியைப் பிடித்தார்.

அவர் உட்காரப் போவதை பிலோமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இருங்க சம்மந்தி. அவிய பேசுவாவ," என்று எழுந்து பக்கத்தில் போய் நின்றாள். அவரிடம் குனிந்து, "நீங்க பேசுங்க. நான் சொல்லுதேன்," என்றாள்.

அவர் பேசினார். கூட்டத்துக்கு அது குழறல். பிலோமிக்கு ஒவ்வொரு சொல்லும் துலக்கிய வெண்கலமாகக் கேட்டது. மூன்று வருடமாகப் பெட்டிக்குப் பாடம் எடுத்தவளுக்கு அந்தியும் இல்லை, சுருட்டலும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"எம் மவள நான் கண்ணு கலங்க விட்டதில்ல. மாப்பிள்ள, நீங்களும் விடாதீங்க." பழக்கதோஷத்தில் பெட்டியைப்போலவே கேட்டாள்: "சரியா?"

மேசையில் ஒரு தட்டு விழுந்தது. கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

அவர் மறுபடி பேசினார். இந்தமுறை நீளமாக, கூட்டத்தைப் பார்க்காமல், பிலோமியைப் பார்த்து. கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கறி ஆறுது, எல்லாரும் சாப்பிடுங்கன்னு சொல்லுதாவ," என்றாள்.

இரண்டு தட்டு.

"சாப்பிட்டுட்டு நிதானமாப் போங்கன்னு..."

இரண்டு தட்டு. இந்தமுறை தண்ணீர் டம்ளர் குலுங்கியது.

"யம்மா, அப்பா ரெண்டு தட்டுதாங்க. ஒழுங்காச் சொல்லு!" என்றாள் டெல்பின். மண்டபமே கொல்லென்று சிரித்தது.

தப்பிக்க வழியில்லை. பிலோமி இலைகளைப் பார்த்துக்கொண்டே, தன் கணவரின் சொற்களைத் தன் வாயால் சொல்லத் தொடங்கினாள்.

"எனக்கு வாய் போனப்ப என் பொண்டாட்டி அவ வாயக் குடுத்தா. அந்தப் பெட்டி தெனமும் பொழுது சாஞ்சா என்னைய மறந்துரும். விடிஞ்சதும் இவ முதல்ல இருந்து தொடங்குவா. ஒருநாளு கூட சலிச்சதில்ல. டெல்பின், கல்யாணம்னா அதுதாம்மா. மறந்துபோச்சேன்னு அழாத. விடிஞ்சதும் தொடங்கு."

யாரும் சிரிக்கவில்லை. டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிலோமி கணவர் பக்கம் திரும்பினாள்.

"சரியா?"

அவர் மேசையைத் தட்டவில்லை. அவள் கையை எடுத்து, புறங்கையில் ஒரே ஒரு தட்டு தட்டினார். பிறகுதான் எல்லோரும் இலையில் கைவைத்தார்கள்.