மடைக்காரிக்குத் தெரிந்தது

2024 ஜூலை 31, புதன்கிழமை மாலை, சோழவந்தானை அடுத்த தென்கரையில், வெற்றிலைக் கொடிக்காலுக்குள் உட்கார்ந்திருந்த முத்துச்செல்வியைக் கண்ணாடிவிரியன் கடித்தது. வயது இருபத்து நான்கு. மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, அவள் வரைந்துவந்த ‘ஏழாம் மடை’ என்ற இணையச் சித்திரக்கதையின் நாற்பத்து மூன்றாம் அத்தியாயம் வெளியானது.

முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருப்பாள் என்று வாசகர் குழுவில் எல்லோரும் சொன்னார்கள். குழுவின் அட்மின் ராம்கியும் அப்படித்தான் எழுதினான். மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் காகிதக் கடையில் பில் போடுகிறவன் அவன். கடையில் அவன் பேச்சைக் கேட்க ஆளில்லை. குழுவில் ஆயிரத்து எண்ணூறு பேர் காத்திருந்து கேட்டார்கள்.

கதை இதுதான். மந்திர ஏரி ஒன்றுக்கு ஏழு மடைகள். ஏழாவது மடையை யாரோ திறந்துவிட, கீழே இருந்த நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. திறந்தது யார் என்பது அந்த மடையைக் காத்துவந்த மடைக்காரிக்கு மட்டுமே தெரியும். அவள் எப்போதும் முதுகைக் காட்டியபடிதான் வருவாள். தலைக்கு மேலே பேச்சுக் குமிழ் இருக்கும். உள்ளே ஓர் எழுத்தும் இருக்காது. அந்த வெற்றுக் குமிழில் என்ன இருக்கக்கூடும் என்பதுதான் குழுவின் ஓயாத பேச்சு.

“தெறந்தது ராசாதான். சொன்னா வேல போயிரும்னு வாயே தெறக்க மாட்டேங்குறா.”

“ராசாவும் இல்ல மந்திரியும் இல்ல மாப்ள. அவளேதான் தெறந்தா. அதான் மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறா.”

“கொஞ்சம் பொறுங்கப்பா, ராம்கி அண்ணன் வெளிச்சம் ஏத்திப் பாத்துட்டு வந்து சொல்லுவாரு” என்று எழுதினாள் பிரியம்வதா. வண்டியூரில் இருக்கும் கல்லூரி மாணவி.

வெளிச்சம் ஏற்றுவது இந்தக் குழுவின் வழக்கம். முத்துச்செல்வி கருப்புக்குள் எதையாவது ஒளித்து வைப்பாள். ஒரு சாவி, ஒரு காலடித்தடம். வாசகர்கள் பக்கத்தைப் படமெடுத்து, வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, இருட்டைத் துழாவுவார்கள். இதைத் தொடங்கிவைத்தவன் ராம்கி.

ஜூன் மாதம் வந்த முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில் அவன் அப்படித் துழாவியபோது அகப்பட்டது சாவியல்ல. பார்த்து வரைவதற்கு மாதிரியாக அடியில் வைத்திருந்த ஒரு புகைப்படம் முழுதாக அழிபடாமல் கிடந்தது. ஜன்னல், நீல நிற கேட், அதற்கப்பால் ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி. புனைபெயரில் வரைந்துவந்த ஆள் யார், எந்த ஊர் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ராம்கிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு அவனால் ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை. சொந்தப் பெயரில் போடத் தைரியமில்லாமல் ‘நெழல்27’ என்று ஒரு ஐடி தொடங்கி, படத்தையும் ஊரையும் போட்டான். நானூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாலு பைக்கில் ஒன்பது பேர் கேக்கோடு தென்கரைக்குப் போய், நீல கேட்டுக்கு முன்னால் நின்று, “மடைக்காரிக்கு என்னங்க தெரியும்? எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க” என்று வீடியோ எடுத்தார்கள்.

ராம்கி பதிவை அழித்தான். பிறகு தன் பெயரிலேயே குழுவில் எழுதினான்: ‘வரைபவரின் வீட்டைத் தேடிப் போகிறவன் ரசிகனே அல்ல. நெழல்27 யாராக இருந்தாலும் வெட்கப்பட வேண்டும்.’

அதற்கும் முந்நூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள்.

மிச்சத்தை ஆகஸ்ட் இரண்டாம் தேதி, குழுவிலிருந்து ராம்கியின் எண்ணை எடுத்து, மீனா தொலைபேசியில் சொன்னாள். சோழவந்தானில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், முத்துச்செல்வியின் சிநேகிதி, அத்தியாயங்களை அவள் கடையிலிருந்துதான் ஏற்றுவார்கள்.

“ஆம்பளப் பயலுக வாசல் தேடி வாரானுகன்னு அவங்கப்பா இனிமே வரையவே கூடாதுன்னுட்டாருண்ணே. வீட்டுல வரஞ்சா தெரிஞ்சுரும்னு கொடிக்காலுக்குள்ள போயி ஒளிஞ்சு வரஞ்சிருக்கா. உள்ள செருப்புப் போடக் கூடாதுல்ல. வெறுங்காலு.” மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தாள். “அவ வரையுறது எனக்கு மட்டுந்தான் தெரியும். அதனால நாந்தேன் ஊர சொல்லிக் குடுத்தேன்னு அவங்க சொந்தக்காரங்க வந்து மிசினெல்லாம் ஒடச்சுட்டாங்க. கட பூட்டிக் கெடக்கு. அந்த ஐடி யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கண்ணே. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்.”

“பாக்குறேம்மா” என்றான் ராம்கி.

இப்போது நாற்பத்து மூன்றாம் அத்தியாயம். பெரும்பகுதி கருப்பு. திங்கள்கிழமை, கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கை பழகிய வேலையைத் தானே செய்தது. வெளிச்சத்தை ஏற்றினான்.

கருப்புக்குள் வெற்றிலைக் கொடிகள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். மடைக்காரி இல்லை. சுடிதார். பின்னல் நுனியில் பச்சை ரப்பர் பேண்ட். முதுகு மட்டும் தெரிந்தது.

போனை, கூட வேலை பார்க்கும் சோணையிடம் நீட்டினான். “இதுல என்ன தெரியுது பாரு.”

சோணை சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். “இன்னுமா மாப்ள இந்தப் பொம்மப் படத்த விடல? கருப்பா இருக்கு. ஒன் மூஞ்சி தெரியுது, அம்புட்டுதான்.”

பிரியம்வதாவும் ஏற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாள்.

ஆகஸ்ட் 15, கடைக்கு விடுமுறை. முத்துச்செல்விக்குப் பதினாறாம் நாள் காரியம். குழுவின் சார்பில் மடைக்காரி படம் ஒன்றைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ராம்கி பஸ் ஏறினான். போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். சோழவந்தானில் இறங்கி, வைகைப் பாலத்தைக் கடக்கும்வரை அந்த முடிவு இருந்தது.

நீல கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். கேட்காமலே மீனா என்று தெரிந்தது. அவளை உள்ளே விட்டிருக்கவில்லை. அவன் தலையைக் குனிந்தபடி அவளைத் தாண்டி உள்ளே போனான்.

அப்பா நல்லகாமன் படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். “என் மக வரஞ்சதா தம்பி இது? நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல.” அம்மா முத்துத்தாய் அவனைப் பந்தியில் உட்காரவைத்து, இலையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே பரிமாறினாள். “அவ வரையுற டேப்லெட் எங்கம்மா?” என்று கேட்டான். “அவ கூடவே வச்சு எரிச்சுட்டோம்ப்பா” என்றாள்.

குனிந்து சாப்பிட்டான். மறுசோறும் வாங்கினான். மறுக்கத் தெரியவில்லை.

“அவ உக்காந்த எடத்தப் பாக்குறீங்களா?” என்றார் நல்லகாமன். வீட்டுக்குப் பின்னால் கொடிக்கால். வரப்பில் செருப்பைக் கழற்றினார். ராம்கியும் கழற்றினான்.

வெளியே நடுப்பகல் வெயில் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே பத்தடி வைத்ததும் பகல் நின்றுபோனது. அகத்தி மரங்களில் ஆளுயரத்துக்கு மேல் ஏறிய கொடிகள், இலைமேல் இலையாக இருபுறமும் சுவர் போல. ஈர மண்ணின் குளிர்ச்சி பாதத்தில் ஏறியது. பச்சை வெற்றிலையின் கார வாசனை. அதற்கடியில் எங்கோ மெல்லிய புகை வாசனை.

“அந்தா, அந்தக் கடேசியில” என்று நல்லகாமன் கை காட்டும்போதே வீட்டுப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “மச்சினன் கெளம்புறான். அனுப்பிட்டு வாரேன், இங்கனயே இருங்க.”

அவர் காலடி ஓய்ந்தது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

டேப்லெட் கண்ணாடிமேல் வரைகோலின் பிளாஸ்டிக் முனை உரசும் சத்தம். கீறல், நிறுத்தம், கீறல்.

வரிசையின் கடைசியிலிருந்து.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ‘ஏழாம் மடை: அத்தியாயம் 44.’ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு மட்டுமே வரும் கதை. இன்று வியாழன்.

மூன்றே கட்டங்கள். முதல் கட்டத்தில் வெற்றிலைக் கொடிக்கால். கோடியில் மடைக்காரி, முதுகு காட்டி. அவளுக்குப் பின்னால் வெறுங்காலோடு ஒருவன், கையில் போன். இரண்டாம் கட்டத்தில் ஒரு கேட். வெளியே ஒரு பெண், எதிரே அதே ஆள். மூன்றாவதில் பந்தல், பந்தி, நடுவில் அதே ஆள். மூன்றிலும் அவன் தலைக்கு மேலே குமிழ்.

மூன்றும் காலி.

கீறல் சத்தம் நின்றது. யாரோ காது கொடுப்பதுபோல இருந்தது அந்த அமைதி.

ராம்கி தலையைத் தூக்கினான். வரிசைக் கடைசியின் இருட்டில், தரையோடு தரையாக, பச்சையாக ஏதோ ஒன்று தெரிந்தது. ரப்பர் பேண்ட் அளவுக்குத்தான்.

“என்ன தம்பி, மொகம் வெளுத்துப்போச்சு?” நல்லகாமன் திரும்பி வந்திருந்தார். “ஏதாச்சும் சொல்லணுமா?”

வாயைத் திறந்தான்.

“ஒண்ணுமில்லய்யா.”

கோடியில் ஒரு கீறல். ஒரு சொல் எழுதும் நேரம்.

முதல் குமிழில், முத்துச்செல்வியின் சாய்ந்த கையெழுத்தில், ‘ஒண்ணுமில்லய்யா’ என்று இருந்தது.

கேட்டருகில் மீனா வழிமறித்தாள். என்ன கேட்கப்போகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். கெட்ட கனவில் வருவதுபோல நாக்கு தானாகப் புரண்டது.

“அண்ணே, அந்த ஐடி…”

“தெரியலம்மா.”

பையில் போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை ஏறக்குறைய ஓடினான். அங்கே நின்றுதான் பார்த்தான். இரண்டாம் குமிழும் ‘தெரியலம்மா’ என்று நிரம்பியிருந்தது. குழுவிலோ செய்திகள் கொட்டிக்கொண்டிருந்தன. இந்த முறை படம் எல்லோருக்கும் தெரிந்தது.

“யாருடா இவன் புதுசா?”

“மூஞ்சியப் பாரு, ஒண்ணுமில்லய்யாவாம். இவன்தாண்டா மடையத் தெறந்தவன்!”

பிரியம்வதா அவனுக்குத் தனியாக எழுதியிருந்தாள். “அண்ணே, வெளிச்சம் ஏத்திப் பாத்தேன். அந்த ஆளு கையில இருக்குற போன்ல நெழல்27னு எழுதியிருக்கு. நீங்க அன்னிக்கித் திட்டுனீங்களே, அந்த ஐடி. மடைக்காரிக்கு அவன் யாருன்னு தெரியும்போலண்ணே.”

பஸ் வந்து நின்றது. “ஏறுறியா இல்லியாப்பா? போஸ்ட் கம்பம் மாதிரி நிக்கிற” என்றார் கண்டக்டர். ஏறாமல் நின்றான். விசில் அடித்துப் பஸ் போய்விட்டது.

திரும்பி நடந்தான். மீனாவைத் தாண்டி, கேட்டைத் தள்ளி, கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்த பந்தலுக்கு நடுவில் போய் நின்றான். முதல் தடவை சொன்னது பந்திச் சத்தத்தில் அமுங்கியது. இரண்டாம் தடவைதான் கேட்டது.

“மீனா சொல்லலய்யா. ஒங்க ஊர வெளிய போட்டது நான். நெழல்27 நாந்தான்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் இலையில் நின்றன. அவனை யாரும் அடிக்கவில்லை. யாராவது அடித்திருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. நல்லகாமன் அவனையும் அவன் கொண்டுவந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

முத்துத்தாய்தான் எழுந்து வந்தாள். “அவ ஒனக்கு என்னப்பா பண்ணுனா?”

“ஒண்ணும் பண்ணலம்மா. நல்லா வரஞ்சாங்க.”

“அதுக்கா?”

அவன் கைகூப்பினான்.

“இம்புட்டு நேரம் என் கையால சோறு வாங்கித் தின்னியே” என்றாள். “போ.”

கேட்டுக்கு வெளியே மீனா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். அவன் முகத்தைப் பார்க்காமல் அவனைத் தாண்டி உள்ளே போனாள். அழுகைச் சத்தம் கேட்டது, இரண்டு பேருடையது.

பாலத்தின் நடுவில் நின்று போனை எடுத்தான். மூன்றாம் குமிழ் காலியாகவே இருந்தது; பந்தியில் சொன்ன உண்மை அங்கே ஏறவில்லை.

மறுநாள் அதையே அவன் குழுவிலும் எழுதினான், பிறகு விலகினான். மூன்றாம் குமிழ் அப்போதும் நிரம்பவில்லை. மீனாவின் கடையை நல்லகாமனே முன்னின்று திறந்துவைத்தார். உடைந்த இயந்திரத்துக்குப் பதில் வேறொன்று வாங்கிக் கொடுத்தார்கள்.

குடும்பத்தின் சார்பில், கதையை நீக்கச் சொல்லி மீனா இணையதளத்துக்கு எழுதினாள். ஆகஸ்ட் 28 அன்று பதில் வந்தது. நாற்பத்திரண்டு அத்தியாயங்களையும் நீக்கிவிட்டதாகவும், நாற்பத்திரண்டாவதற்குப் பிறகு அந்தக் கணக்கிலிருந்து எதுவும் பதிவேறவில்லை என்றும் அதில் இருந்தது. நாற்பத்து நான்காம் அத்தியாயம் இன்னும் திறக்கிறது. மூன்றாம் குமிழில் என்ன வரும் என்று வாசகர்கள் கணித்துக்கொண்டிருக்கிறார்கள். குழுவில் இப்போது நாலாயிரத்து இருநூறு பேர்.