ருசி பார்க்காத தேன்

பர்மாவில், சூலே பகோடாவைச் சுற்றும் பேருந்துகளின் ஹாரன் ஓயவில்லை. ரேவதியின் மடியில் மூன்று வயது மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

கியாக்டடா பகுதியின் பழைய கட்டிடம் ஒன்றில், மாடியில் இருந்தது துப்பறியும் சிவானந்தனின் அலுவலகம். அவர் நாற்காலியை ரேவதியின் பக்கம் நகர்த்தினார். உதவியாளர் கலா பேனாவைத் திறந்தாள்.

“எங்க வீட்டுக்காரரை அடைச்சு வச்சிருக்காங்க அண்ணே. கார்த்திகேசன்னு பேரு. கட்டாயமா ஆள் எடுத்தப்ப பட்டாளத்துக்குப் போனவரு. மிங்கலாடோன் முகாம்ல பட்டாள லாரி ஓட்டுறாரு. மூத்திரத்துல கஞ்சா இருக்குன்னுட்டாங்க. திங்கக்கிழமை விசாரணை. ஜெயில்தானாம்.”

“பழக்கம் உண்டா?”

“பீடிகூடக் கிடையாது. காளியம்மனுக்குப் பூக்குழி இறங்க காப்புக் கட்டியிருந்தாரு.”

“கூட இருக்கிறவங்க?”

“கோ தான்ட்டுன்னு ஒரு பர்மாக்காரன். ‘சாமியாரே, ஒரு வெத்தலை போடுய்யா’ன்னு தினமும் கேலி பண்ணுவானாம்.”

கலா துள்ளினாள். “அவன்தான் சயா! வெத்தலையில மடிச்சுக் கொடுத்திருக்கான்.” முதலாளியை அவள் பர்மிய வழக்கப்படி சயா என்றுதான் கூப்பிடுவாள்.

“காப்புக் கட்டினவரு அதை வாங்கியிருப்பாரா?” என்றார் சிவானந்தன்.

“பச்சைத் தண்ணிகூட வாங்க மாட்டாரு,” என்றாள் ரேவதி. “நான்தான் டிபன் கேரியர்ல கொண்டுபோய் முகாம் கேட்டுல கொடுப்பேன். பழம், தேன் ஊத்தின பால். முதுகுவலியில தூங்காத மனுசன், அம்மன் புண்ணியத்துல இப்ப கட்டையா தூங்குறேன்னாரு.”

கீழே ஒரு பேருந்து நீளமாக அலறியது. கலா காதைப் பொத்தினாள். குழந்தையின் இமைகூட அசையவில்லை. சிவானந்தன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பையன் எப்ப தூங்கினான்?”

“பஸ்ல. காலையில இருமினான். அவரு விரதம்தான் பாழாப் போச்சே, மிச்சத் தேனை இவனுக்குக் கொடுத்தேன்.”

“எழுப்பும்மா.”

ரேவதி சிரித்தாள். “இந்தக் கழுதையை எழுப்பினா ஊரைக் கூட்டிருவான் அண்ணே.”

“எழுப்பு.”

அவள் உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி உலுக்கினாள். அதே பக்கம் சாய்ந்தது. சிரிப்பு மட்டும் அவள் முகத்திலேயே நின்றது. அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கலா குழந்தையை வாரிக்கொண்டு படியில் ஓடினாள்.

மருத்துவமனையில், மூச்சு சீராக இருக்கிறது, விழிக்கும்வரை கண்காணிக்க வேண்டும் என்றார் டாக்டர். ரேவதியின் பையிலிருந்த தேன் குப்பியைச் சிவானந்தன் திருப்பிப் பார்த்தார். தாய்லாந்து எழுத்து. தேனீ படத்துக்குக் கீழே விரல் விரலாக விரிந்த ஓர் இலை.

“எங்கூடப் பொறந்த சுந்தர் அண்ணன் பாங்காக்லருந்து கொண்டாந்தது,” என்றாள் ரேவதி.

அவர் சுந்தருக்குப் போன் போட்டார். “ஹெம்ப்பு தேன், போதையே இல்லன்னுதான் கடைக்காரன் சொன்னான்! முதுகுவலிக்கு நல்லதுன்னான். மாப்பிள்ளைக்காகத்தானே வாங்கினேன்!” என்று அந்தப் பக்கம் குரல் உடைந்தது.

சிவானந்தன் போனை வைத்தார். “ஹெம்ப்புன்னாலும் கஞ்சாச் செடி வகைதான். போதை கொடுக்குற டி.எச்.சி. எவ்வளவு கலந்திருக்குன்னு கடைக்காரனுக்கே தெரியாது. பரிசோதனையில அது கஞ்சான்னுதான் வரும். கடையில என்ன சொல்லி வித்தாங்கன்னு பட்டாளம் கேக்காது.”

“அக்கா ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்திருந்தா சந்தேகம் வந்திருக்குமே,” என்றாள் கலா.

“அம்மனுக்குப் படைக்கிறதை எச்சில் பண்ணுவேனா?” என்றாள் ரேவதி.



மாலையில் குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டது. அதன் சிறுநீரிலும் டி.எச்.சி. இருப்பதாகத் தாள் வந்தது. ரேவதி அதை வெகுநேரம் பார்த்தாள்.

“அண்ணே, அவருக்கு இருந்ததே புள்ளைக்கும் இருக்கு. ஒரே குப்பி. இது சாட்சி ஆகாதா?”

“ஆகும். ஆனா விட்டுருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். யார் ஊத்தினதுன்னு கேப்பாங்க. உன்னையும் பிடிக்கலாம்.”

“கேக்கட்டும். நான்தான் ஊத்தினேன்னு அதிகாரிகிட்ட நானே சொல்றேன்.”

அவள் குப்பியின் மூடியை இறுக்கினாள். தாளை மடித்தாள். இரண்டையும் டிபன் கேரியரின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள்.

“கலா, புள்ளையப் பாத்துக்கம்மா,” என்றாள். “கேட்டுல என்னைத் தெரியும். சோறு கொண்டு வந்திருக்கேன்னு நினைச்சு விடுவாங்க.”