குழாய்க்குக் காது வைத்தவள்

பாக்கியநாதன் குழாயைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நாசமாப் போற குழாயே! மனுசன் குளிக்கிறதா வேண்டாமா? ஆபீசுக்குப் போறதா வேண்டாமா?"

வைரக் குடியிருப்பில் இது தினமும் நடக்கிற கூத்துதான். அவர் கத்தி முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும். அப்புறம் மனிதர் பரம சாதுவாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டே குளிப்பார். மேல்மாடிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற அம்மா ஒருத்தியைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தார்கள். அவள் காலையில் வந்து தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, சமையலறைக் குழாய்க்கு முன்னால் ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போவாள். தொட்டி நிறைந்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுவாள்.

பக்கத்து வீட்டில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே காபி குடித்துக்கொண்டிருந்தாள் ஆவுடை. அந்தக் குழாய்களுக்குக் காது வைத்தவளே அவள்தான்.

புதுக்கொற்கையில் மழை நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. நகரத்துக்குள் சுற்றுவது ஒரே தண்ணீர். குளித்தது, கழுவியது, கழித்தது எல்லாம் மீள்நீர் ஆலைக்குப் போய்ச் சுத்தமாகி மறுபடியும் குழாய்க்கு வரும். புதிதாக ஒரு சொட்டுச் சேராது. ஆகவே ஒரு தெருவுக்குக் கூட்டினால் இன்னொரு தெருவுக்குக் குறைத்தே ஆகவேண்டும். யாருக்குக் குறைப்பது? அந்தப் பொல்லாத வேலைக்காகத்தான் நீர்வாரியத்தில் ஆவுடை 'பகிர்வான்' என்ற பொறியைச் செய்தாள். ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் மிளகு அளவுக்கு ஒரு செவிமணி. அதற்குப் பேச்சு புரியாது. குரலில் இருக்கிற சூடு மட்டும் தெரியும். கோபம், அழுகை, நடுக்கம் கேட்டால், 'இங்கே பொறுக்க முடியாமல் போய்விட்டது' என்று தண்ணீரைத் திறக்கும். குரல் குளிர்ந்திருக்கிற தெருவிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மனு எழுதத் தெரிந்தவனுக்கும் ஆள் பிடிக்கத் தெரிந்தவனுக்கும் மட்டும்தான் தண்ணீர் என்ற காலம் ஒழியட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். தொண்டை எல்லோருக்கும் இருக்கிறதே!

செவிமணி எதைக் கேட்கிறது என்பதை மட்டும் வாரியம் வெளியே சொல்லவில்லை. தெரிந்தால் நடிப்பார்களே! ஆனால் வாரியத்துக்காரர்கள் குடியிருக்கிற வைரக் குடியிருப்பில் அது எந்தக் கதவில் நிற்கும்? வந்த வேகத்தில் கசிந்துவிட்டது. ஆவுடை மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உப்பளத் தெருவில் இருக்கும் தன் கூடப்பிறந்த தங்கச்சி செண்பகவல்லியிடம்கூடச் சொல்லவில்லை. அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு அவள் கிளம்புகிற நேரத்தில் செண்பகத்தின் புருஷன் ராசதுரை பேசினான்.

"மதினி, பதறாதீங்க. செண்பகத்துக்கு இடுப்புல வலி தாங்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சிறுநீரகத்துல கல்லாம். ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிப் போச்சாம். நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க. இனியும் காயவிட்டா மத்ததும் போயிரும்னு டாக்டர் ஏசுதாரு."

"அங்க தண்ணி வருதுல்ல?"

"வருது மதினி. நீங்க இருக்கையில எங்களுக்கு என்ன குறை!"

ஆவுடை போனை வைத்துவிட்டு மணிக்கட்டில் இருந்த பட்டையைத் தட்டினாள். நகரத்தின் வரைபடம் விரிந்தது. உப்பளத் தெரு பச்சையாக இருந்தது. பச்சை என்றால் நிறைவு. நகரத்திலேயே நிறைவான தெரு என்று வாரியக் கூட்டத்தில் அவளே அதைப் பலமுறை காட்டியிருக்கிறாள். என் தங்கச்சி தெருவாக்கும் என்று ஒருமுறை சொல்லி, எல்லோரும் கைதட்டியதும் நினைவுக்கு வந்தது. அப்படி நிறைந்த தெருவில் ஒருத்திக்கு எப்படி உடம்பு வற்றும்? உடனே வண்டியை எடுத்தாள்.

தெருமுனையில் பொதுக்குழாய். அதன் கழுத்தில் கதம்பம் சுற்றி, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒருத்தி குடத்தை வைத்துவிட்டுக் குழாயிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"தாயே, நீங்க நல்லாருக்கணும். உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். முடிஞ்சாக் கொஞ்சம் பாத்து விடுங்க. முடியலேன்னாலும் பாதகமில்ல."

குழாய் ஒரு பொட்டுத் தண்ணீர் விட்டது. அவள் அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

ஆவுடை ஓட்டமும் நடையுமாகத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள்.

செண்பகம் எழுந்து உட்கார்ந்தாள். முகம் ஒட்டிப்போய், உதடு வெடித்திருந்தது. "ஏக்கா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கியே!" என்று சிரித்தவள், அக்கா வாய் திறப்பதற்குள் ஒரு செம்பு தண்ணீரை நீட்டினாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. அது அவர்கள் வீட்டு வழக்கம். வெயிலில் வந்த ஆவுடை மடமடவென்று முழுச் செம்பையும் குடித்துவிட்டாள். செம்பைக் கீழே வைக்கும்போதுதான் ராசதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தாள். அடுப்படியில் இருந்த குடம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இன்னைக்கு உன் பங்கா இது?"

"அதுக்கென்ன இப்போ? குடிச்சா என்ன, வேத்தாளா குடிச்சே?"

குடித்த தண்ணீர் ஆவுடைக்கு நெஞ்சிலேயே நின்றது. மேலே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை. அந்த நிமிடம் தன்னையே இரண்டு அறை அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது அவளுக்கு.

"ஏட்டி, தண்ணி வரலேன்னா கத்தக்கூடாதா? ஒருத்தர்கூடவா கத்தல?"

"கத்துறதா?" செண்பகம் பதறிப்போனாள். "குழாய்க்குக் காது வச்சிருக்குன்னு சொன்னாங்க. வச்சது நீ. அப்ப நாங்க பேசுறதெல்லாம் உனக்குத்தானே கேக்கும்? அதான் தெருவுல எல்லார்ட்டயும் சொல்லி வச்சேன். எங்க அக்கா கேட்டுட்டு இருக்கா, யாரும் மரியாதையில்லாமப் பேசப்படாது, பொறுத்துப்போங்க, அவ பாத்துச் செய்வான்னு. நீ பெரிய இடத்துல இருக்கே. உன் தங்கச்சி தெருவே கூப்பாடு போடுதுன்னு நாலு பேரு உன்னச் சொல்லிரக் கூடாதுல்லாக்கா?"

ஆவுடை அப்படியே சுவரில் சாய்ந்தாள். பச்சை! எவ்வளவு நாள் அந்தப் பச்சையைப் பார்த்துப் பூரித்திருக்கிறாள்! அக்கா பேரைக் காப்பாற்றத் தங்கச்சி வாயை மூடிக்கொண்டாள். வாரியத்தின் ரகசியத்தைக் காப்பாற்ற அக்காவும் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு மூடின வாய்க்கும் நடுவில் ஒரு தெருவே காய்ந்து கிடந்தது.

"அது நான் இல்லட்டி. பொறி. அதுக்கு நீங்க சொல்றது புரியாது. நீங்க கும்பிடக் கும்பிட, இவங்களுக்கு ஒரு குறையும் இல்லேன்னு தண்ணிய எடுத்துக்கும். திட்டினாத்தான் விடும். வா, வந்து திட்டு."

செண்பகம் தட்டுத்தடுமாறி அடுப்படிக் குழாய்க்கு முன்னால் வந்து நின்றாள். "ஏ... ஏ குழாயே..." என்றாள். அதற்கு மேல் ஓடவில்லை. "போக்கா, உன்ன ஏசுற மாதிரியே இருக்கு" என்று சிரித்துவிட்டாள். குழாய்க்கும் அது சிரிப்பாகத்தான் கேட்டிருக்கும்.

ஆவுடை அவளை விலக்கிவிட்டுக் குழாயைப் பிடித்து உலுக்கினாள். "பாவி! சண்டாளி! இவளச் சாகடிச்சுட்டுத்தான் ஓய்வியா?" என்று கத்தினாள். அவள் திட்டியது குழாயை அல்ல. ஆனால் அந்த வித்தியாசம் பொறிக்கு எதற்கு? தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டுத் தெருவே குடத்தோடு ஓடிவந்தது. ராசதுரை அண்டாவை இழுத்துப் போட்டான். குழந்தைகள் கையை நீட்டிக் குதித்தன.

செண்பகம் ஒரு செம்பு பிடித்தாள். வாய்ப்பக்கம் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"இது யாரு தண்ணிக்கா?"

"குடிட்டி முதல்ல."

"எங்களுக்குக் கூடினா எங்கேயோ குறையணும்னு நீதானே சொல்லுவே. யாருக்குக் குறைஞ்சிருக்கு? பாத்துச் சொல்லு."

ஆவுடை மணிக்கட்டைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். வாய்பேச இயலாத பிள்ளைகளின் விடுதி என்று பட்டை காட்டியது. காதால் மட்டுமே ஊரை அறிகிற பொறிக்கு, அதைவிடப் பொறுமையான இடம் வேறு எது கிடைக்கும்?

அவள் சொன்னதும் குதித்துக்கொண்டிருந்த குழந்தைகள் கையை இழுத்துக்கொண்டன. குடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செண்பகம் செம்பை இறக்கி வைத்துவிட்டுக் குழாயடியில் குனிந்தாள்.

"தாயே, போதும். எங்களுக்கு நிறைஞ்சுபோச்சு. அந்தப் பிள்ளைகளுக்கு விடுங்க."

குரலில் ஒரு சொட்டு வருத்தம் இல்லை. தண்ணீர் நூலாக மெலிந்து நின்றது. பட்டையில் உப்பளத் தெரு மறுபடியும் பளிச்சென்று பச்சையானது.

"என் வீட்டுக்கு வந்துருட்டி. அங்க தொட்டி தொட்டியாக் கெடக்கு."

"நான் வந்துட்டா? இந்தத் தெருவையும் சேத்துக் கூட்டிட்டுப் போவியா?" என்றாள் செண்பகம். "பொறி உன்னுதுதானே, நீ பாத்துச் செய்வே. எனக்குத் தெரியும்."

இன்னும் நம்புகிறாளே! அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட ஆவுடைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் வண்டியில் இருந்தபடியே ஆணையரை அழைத்தாள். செவிமணிகளை இன்றைக்கே அணைக்கவேண்டும் என்றாள்.

"என்னம்மா விளையாடுறீங்களா?" என்றார் அவர். "ஊரு முழுக்கப் பச்சை. பச்சை இல்லாத இடத்துல சத்தம் போட்டாங்க, தண்ணி போச்சு, பச்சை ஆயிடுச்சு. நீங்க செஞ்சதுலயே உருப்படியான வேலை அது. அதைப் போய்..."

"சார், உப்பளத் தெருவுல ஆளுங்க சாகுறாங்க."

"அங்கேயிருந்து ஒரு சத்தமும் வரலையேம்மா."

அந்த வாக்கியத்தை வாரியத்துக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பொறியை மாற்ற வாரியக் குழு கூடிச் சம்மதிக்கவேண்டும். கூடுவார்கள்; காபி குடிப்பார்கள்; வரைபடத்தைப் பார்ப்பார்கள். அதுவரை செண்பகம் தாங்க வேண்டுமே! வீட்டிலிருந்து கேன் கேனாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று ஆவுடை முடிவு செய்தாள். தன் தொட்டித் தண்ணீர், தன் பங்கு. அதைக் கொடுக்க எவன் தயவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கேன்களை வரிசையாக வைத்துக் குழாயைத் திறந்தாள். முதல் கேன் பாதி நிறைந்திருக்கும். அந்தக் கவிழ்த்த குடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கூடவே, தான் முழுசாகக் குடித்துத் தீர்த்த செம்பும். அவ்வளவுதான். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

குழாய் திடுமென்று பொங்கியது. கேன் நிறைந்து வழிந்தது. அடுத்த கேனைத் தள்ளினாள், அதுவும் வழிந்தது. மணிக்கட்டில் பட்டை மின்னியது. பகிர்வான் இந்த வீட்டில் பொறுக்க முடியாத துயரம் என்று கண்டுபிடித்து, நகரத்திலேயே மிகக் குளிர்ந்த குரல் கேட்ட இடத்திலிருந்து தண்ணீரைத் திருப்பிவிட்டிருந்தது. எந்த இடம் என்றும் போட்டிருந்தது. உப்பளத் தெரு.

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறினாள். அலறலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். மெதுவாகத் தண்ணீர் இளைத்து நின்றது. தரையெல்லாம் ஈரம். வாசலில் நின்று பாக்கியநாதன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில நீங்களும் கத்துக்கிட்டீங்களா மேடம்?" என்றார் சந்தோஷமாக. "பிரமாதம். ஒப்பாரிக்கார அம்மா தோத்துப்போவா."

ஆவுடை கேன்களை மூடி, ஒவ்வொன்றாக இழுத்து மின்தூக்கியில் ஏற்றினாள். திருப்பிக் கொட்ட முடியாது; கொட்டினால் ஆலைக்குப் போய், நாளைக் காலையில் பாக்கியநாதன் குளிக்க வந்துவிடும். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தால் செண்பகம் செம்பை வாய்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவாள். இது யாரு தண்ணிக்கா என்று கேட்பாள். கேட்காமல் குடிக்க மாட்டாள்.

கீழே போகப் போக, குரல் நடுங்காமல் வருகிறதா என்று ஆவுடை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"உன்னுதுதாண்டி. குடி."