அமுக்கு, விடு

"விடு" என்ற குரல் வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தது.

பிரேக் மிதியிலிருந்து காலை எடுக்கப்போன குழல்வாய்மொழி அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவள் கணவன் வல்லிநாயகம் பின்னால் இல்லையே, வண்டிக்கு அடியில் அல்லவா படுத்திருக்கிறான்? ஓட்டுகிற இருக்கையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். பின் சக்கரத்துக்கு முன்னால், செம்மண் சேற்றில், அவனுடைய கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏங்க, விடவா?"

"நான் எப்ப ட்டி விடச் சொன்னேன்? அமுக்கிக்கிட்டே இரு." அடியிலிருந்து பேச்சோடு சுத்தியல் சத்தமும் வந்தது.

குற்றாலத்துப் பங்களா முதலாளியின் ஸ்டேஷன் வாகன் அது. மரப்பலகையால் கூண்டு அடித்த கிழட்டு வண்டி. உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து சீமையிலிருந்து வண்டிச் சாமான் வருவதில்லை. வல்லிநாயகம்தான் கம்பியையும் தகரத்தையும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். இன்று அவளை சுந்தரபாண்டியபுரத்து அம்மா வீட்டில் கொண்டுபோய் விட, முதலாளியிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில், குளத்துக்கரையை விட்டு இறங்குகிற சரிவில், ஒரு சக்கரத்தின் பிரேக் கம்பி கழன்றுவிட்டது. கை பிரேக் செத்து வெகுநாளாயிற்று. கியர் போட்டாலும் தானே நழுவிவிடும்.

"சேத்துல கல்லு நிக்காது. உன் காலுதான் கல்லு," என்று சொல்லிவிட்டுத்தான் அரிக்கேன் விளக்கோடு அடியில் நுழைந்தான். "நான் வெளிய வந்த பொறவுதான் விடச் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி காலை எடுத்தியோ, என்னை அப்பளமாத்தான் சுருட்டிக் கொண்டு போகணும்."

அப்போது சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. சாரல் மரக்கூரையில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் இருட்டில் எங்கோ இரைந்தது. மண்ணெண்ணெய் வாசனைக்கும் நனைந்த மரத்தின் வாசனைக்கும் நடுவே, வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஒரு வாடை மெல்ல மெல்ல உள்ளே வந்து அவள் மூக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது.

"விடு ட்டி."

இந்த முறை பின்பக்கக் கதவருகில். அதே குரல். கடைசியில் சற்றே இழுக்கிற, அவளுக்குப் பிடித்த அதே இழுப்பு.

"ஏங்க... வெளிய யாரோ உங்களை மாதிரியே பேசுதாங்க."

"மாடு மேய்க்கவன் எவனாவது விளையாடுவான். ஏலே, யாருலே அங்கன? வந்தேன்னா முதுகு பழுத்துரும்!" அடியிலிருந்து அதட்டினான் வல்லிநாயகம். "நீ காலை மட்டும் எடுத்துராத. கம்பியில பின்னை மாட்டிட்டேன்னா முடிஞ்சுது."

யாரும் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. சேற்றில் ஒரு காலடி கேட்டது. வண்டியைச் சுற்றி வந்தது. நின்றது.

காலடிப் பலகை இடுக்கு வழியே தெரிந்துகொண்டிருந்த விளக்கு வெளிச்சம் அணைந்தது.

சுத்தியலும் நின்றது.

"ஏங்க?"

பதில் இல்லை. தலையை நீட்டினாள். கால்கள் தெரியவில்லை. இருட்டு. வெளியே வந்துவிட்டானோ? மிதியை அமுக்கியே கெண்டைக்கால் பிடித்து இழுத்தது.

"விடு," என்றது குரல். சன்னலுக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில். "வெளிய வந்துட்டேம்லா. வெளக்கு அவிஞ்சு போச்சு."

"நீங்கதானா?"

"பொறவு யாரு?"

'ஏங்க' என்று கூப்பிட்டால் யார் வேண்டுமானாலும் 'என்ன' என்று சொல்லிவிடலாம். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கணவன் பெயரை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தென்காசியில் அதே பெயர்கொண்ட கடையைக்கூட 'மூக்குப்பொடிக் கடைக்கு அடுத்த கடை' என்றுதான் சொல்வாள். அவனோ தை மாதம் தாலி கட்டிய நாளிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தான். "ஒரே தடவை சொல்லேன் குழலி. சேலை எடுத்துத் தாரேன்." அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

பெயரைச் சொன்னால் பெயருக்கு உரியவன்தானே பதில் தருவான்.

கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"வல்லிநாயகம்!"

இருட்டு ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

"ஆமா," என்றது குரல். "வல்லிநாயகம்தான். விடு."

அப்பாடா என்று காலை எடுத்தாள். எடுக்கும்போதே ஒன்று தோன்றியது. இத்தனை மாதம் இந்த ஒரு சொல்லுக்காகத் தவம் கிடந்தவன், கேட்டதும் குளமே அதிரக் கூச்சல் போட்டிருக்க மாட்டானா? இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று உயிரை வாங்கியிருக்க மாட்டானா? இது வெறுமனே 'ஆமா' என்றது. பெயர் அதற்குத் தெரியாது. இவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

சக்கரம் சேற்றில் வழுக்கியது.

வண்டி உருண்டது.

பின் சக்கரம் எதன்மேலோ ஏறியது. கல் இல்லை. கல் அப்படி முறியாது. பச்சை மட்டையை மிதித்து ஒடித்ததுபோல் ஒரு சத்தம். இன்னொன்று. அடியிலிருந்து அலறல் கிளம்பிப் பலகை வழியே அவள் உள்ளங்காலில் அதிர்ந்தது.

மிதித்தாள். இரண்டு கால்களாலும். இடுப்பை இருக்கையோடு முட்டுக்கொடுத்து மிதித்தாள்.

வண்டி நின்றது. அவன் தொடைகளின்மேல்.

"குழலி..." அடியில், யாரோ வாயில் அடைத்த சேற்றைத் துப்பித் துப்பிப் பேசுவதுபோல். "விடாத... தாயே... அமுக்கு..."

சேற்றை நகங்கள் பிறாண்டும் ஒலி. சூடாக ரத்த வாடை.

இடதுபக்கக் கதவு திறந்தது.

வல்லிநாயகம் ஏறி உட்கார்ந்தான். நனைந்த காக்கிச் சட்டை. நெற்றியில் காலையில் அவள் வைத்துவிட்ட திருநீறு, கலையாமல். இவ்வளவு நேரம் வண்டியடியில் கிடந்தவனின் கைகளில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. அவளைப் பார்த்து, அவளுக்குப் பிடித்த மாதிரியே சிரித்தான்.

"பிரேக் நல்லா பிடிக்குது," என்றான். "இன்னொரு தடவை பாத்துருவோம்."

அடியிலிருந்து முனகல். "அமுக்கு..."

அவள் அமுக்கினாள். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் காலில் இறக்கினாள். கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்த ஒரு வெறும் பாதம் இருட்டில் நீண்டு வந்தது. அவள் உள்ளங்காலுக்கும் மிதிக்கும் நடுவே ஒவ்வொரு விரலாக நுழைந்தது. பிறகு, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல அவ்வளவு மெதுவாக, அவள் காலைத் தூக்கத் தொடங்கியது.